பூட்டின் வலிமை எங்கே உள்ளது?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பூட்டின் பெருமையைப் பேசுவோர் பலர். பூட்டியபின் அதனை ஒருமுறை இழுத்துப் பார்ப்போர் மிகச் சிலர். கணிப்பொறிகளுக்குள் இன்று காவல் புரியும் மறையாக்கக் கருவிகளின் நிலையும் இதுவே. வைப்பகத்தில் ஒருவர் இட்டு வைத்த பணம், மருத்துவமனையில் எழுதப்பட்ட நோய்க்குறிப்பு, மகள் தாய்க்கு எழுதிய மடல், அரசு அலுவலகத்தின் ஆவணம் ஆகிய அனைத்தும் இன்று கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் ஓயாது சென்று கொண்டிருக்கின்றன. அவற்றை இடைமறித்துப் படிக்க விரும்புவோர் எங்கும் உளர். படிக்கவொட்டாமல் தடுப்பன மறையாக்க முறைகள். அம்முறைகள் வலியனவா என்று கேட்டால், வல்லுநர் அனைவரும் வலியனவே என்பர். ஆயின் அவ்வலிமை முழுவதும் செயலுக்கு வருகிறதா என்று கேட்டால், அதற்குரிய விடை மறையாக்கக் கணக்கில் இல்லை. எவரும் எளிதில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு சிறு கோப்பில் உள்ளது. அந்தக் கோப்பைப் பற்றியதே இவ்வுரை.

ஏரிக்கரையை எத்துணை உயரமாகக் கட்டினாலும், மதகுப் பலகையை எவ்வளவு தூக்குவது என்பதை வேறொருவன் முடிவு செய்கிறான். பலகை தூக்கியே கிடந்தால் கரையின் உயரத்தால் ஆவதென்ன? நீர் வடிந்தபின் கரையைப் பழித்துப் பயனில்லை.

சில சொற்கள்

முதற்கண் சில சொற்களுக்குப் பொருள் தெளிதல் வேண்டும். செய்தியை உரியவர் அன்றிப் பிறர் படித்தறியா வண்ணம் உருமாற்றும் கலை மறையாக்கம். அவ்வாறு உருமாற்றும் கணக்கு வழி மறைமுறை. உருமாற்றியதை மீண்டும் திறக்க உதவும் எண் திறவு. பல செயலிகளும் பொதுவாக எடுத்தாளும்படி எழுதித் தொகுக்கப்பட்ட நிரல்களின் தொகுதி நிரல் நூலகம். அந்நூலகம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்பு அமைவுக் கோப்பு. எவரும் எதுவும் சொல்லாதவிடத்து நூலகம் தானே மேற்கொள்ளும் நிலை இயல்பு நிலை. இந்த ஆறு சொற்களும் உள்ளத்தில் நின்றால் எஞ்சியன எளிதில் விளங்கும்.

செயலி எழுதுவோர் மறைமுறைகளைத் தாமே எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும், ஒரு கணக்கு எதிர்பார்த்ததினும் சற்று விரைவாக முடிந்தாலும், அந்த ஒரு சிறு வேறுபாட்டைக் கொண்டே திறவைக் கண்டுபிடித்து விடுவார் உண்டு. ஆகலின், பல்லாண்டுகள் பலர் கண்பட்டுத் தேர்ந்த நூலகங்களையே எடுத்தாள்கின்றனர். அவற்றுள் ஞாலமெங்கும் பரவியது ஓப்பன் எசு.எசு.எல். என்னும் நூலகம். எரிக் யங், டிம் அட்சன் ஆகிய இருவர் உருவாக்கிய முந்தைய நூலகம் ஒன்றின் வழித்தோன்றலாக 1998 திசம்பரில் அது வெளிவந்தது. இலினக்சுக் கணிப்பொறிகளிலும், இணையப் பக்கங்களை வழங்கும் பொறிகளிலும், எண்ணிறந்த செயலிகளின் உள்ளேயும் இன்று அது வாழ்கிறது. அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டே இனிவருவன சொல்லப்படும்.

கோப்பு எவ்வாறு அமைந்துள்ளது?

ஓப்பன் எசு.எசு.எல்.லின் அமைவுக் கோப்பு பூட்டிய பேழை அன்று. வெறும் எழுத்துக் கோப்பு. சதுர அடைப்புக்குள் பெயரிட்ட பகுதிகளாக அது பிரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் இடப்பக்கம் ஒரு பெயர், நடுவே சமக்குறி, வலப்பக்கம் அதன் மதிப்பு என்றவாறு வரிகள் அமையும். கோப்பின் தொடக்கத்தில், எப்பகுதிப் பெயரும் வருமுன், பெயரில்லாத ஒரு முன்பகுதி உண்டு. நூலகம் முதலில் படிப்பது அம்முன்பகுதியையே. அங்கே ஒரு வரி, “இன்ன பகுதிக்குச் செல்க” என்று வழிகாட்டும். அப்பகுதி மறைமுறைகளுக்குரிய பகுதியையும், செய்திப் போக்குவரவு நெறிமுறைக்குரிய பகுதியையும் சுட்டும். அவை மேலும் சில பகுதிகளைச் சுட்டும். ஓலைக்கு ஓலை வழி சொல்லிச் செல்வது போன்ற அமைப்பு இது. இடையில் ஓர் ஓலை காணாமற் போயின், அதற்கப்பால் உள்ள ஓலைகள் எத்துணைத் திருத்தமாக எழுதப்பட்டிருப்பினும் அவற்றை எவரும் படிக்கப் போவதில்லை.

இக்கோப்பு எங்கே இருக்கும்? இங்கேதான் முதற்சிக்கல் தொடங்குகிறது. செயலி தானே இன்ன கோப்பைப் படி என்று சொன்னால் நூலகம் அதனைப் படிக்கும். சொல்லாவிடின், கணிப்பொறியின் இயங்கு சூழலில் இதற்கென ஒரு பெயருக்கு மதிப்பு இடப்பட்டுள்ளதா என்று பார்க்கும். இடப்பட்டிருப்பின் அது சுட்டும் கோப்பைப் படிக்கும். அதுவும் இல்லையெனின், நூலகத்தை நிரல்மொழியிலிருந்து பொறிமொழிக்கு மாற்றிக் கட்டிய நாளில் அதனுள் பொறித்து வைத்த ஓர் இடத்திற்குச் செல்லும். தெபியன் கணிப்பொறியில் அவ்விடம் வேறு. பெடோராக் கணிப்பொறியில் அவ்விடம் வேறு. செயலியொன்று நூலகத்தின் தனிப்படி ஒன்றைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வந்திருப்பின், அதன் இடம் இவை இரண்டினும் வேறு.

ஆகலின், ஒரே கணிப்பொறியில் ஒரே பெயருடைய மூன்று அமைவுக் கோப்புகள் இருத்தல் கூடும். கணிப்பொறியைப் பேணுவோர் ஒன்றைத் திருத்துவர். செயலியோ மற்றொன்றைப் படிக்கும். திருத்தியவர் காவலை உயர்த்தி விட்டோம் என்று மகிழ்ந்திருப்பர். காவல் உயர்ந்திராது.

படிப்பதா வேண்டாவா என்பதை முடிவு செய்வது யார்?

கோப்பு உரிய இடத்தில் இருந்தாலே போதுமா? செயலி அதனைப் படிக்க வேண்டுமே! இதில் கடந்த ஆண்டுகளில் நேர்ந்த மாறுதல்கள் அறியத்தக்கவை.

முற்காலப் பதிப்புகளில் நூலகம் தானாக எந்தக் கோப்பையும் படிப்பதில்லை. செயலி எழுதுவோர் அதற்கென ஒரு கட்டளையை எழுதினால்தான் படிக்கும். அக்கட்டளையை எழுத மறந்தோரும், அப்படி ஒன்று உண்டென்றே அறியாதோரும் மிகப் பலர். அவர்கள் எழுதிய செயலிகள் அமைவுக் கோப்பைத் திரும்பியும் பாராமல் ஆண்டுக்கணக்கில் இயங்கின. 2016 ஆகத்தில் வந்த 1.1.0 பதிப்பு, நூலகத்தைத் தொடங்கி வைக்கும் பணிகளைத் தானே செய்துகொள்ளும் முறையைக் கொணர்ந்தது. 2018 செபுதம்பரில் வந்த 1.1.1 பதிப்பில், இணையப் போக்குவரவைக் காக்கும் பகுதியாகிய நெறிமுறை நூலகத்தை எடுத்தாளும் செயலிகளில், அமைவுக் கோப்பு தானாகப் படிக்கப்படலாயிற்று. 2021 செபுதம்பரில் வந்த 3.0 பதிப்பு முதல், அடிப்படை மறையாக்க நூலகத்திற்கும் அதுவே இயல்பு நிலை ஆயிற்று. வேண்டா என்போர் மட்டும் வேண்டா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இம்மாற்றம் எதைக் காட்டுகிறது? அமைவைப் படிக்கும் பொறுப்பு, தனித்தனிச் செயலி எழுதுவோரிடமிருந்து நூலகத்தின் தோளுக்கு மெல்ல மெல்ல மாறியிருக்கிறது. இது நன்மையே. ஆயினும் புதியதொரு கடமையையும் இது பிறப்பித்துள்ளது. முன்னாளில் ஒருவரும் படியாத கோப்பில் இருந்த பழைய பிழை, இந்நாளில் எல்லாச் செயலிகளையும் பற்றும். செயலியைப் புதிய நூலகத்திற்கு மாற்றுவோர், தம் கணிப்பொறியில் நெடுநாள் உறங்கிக் கிடந்த அமைவுக் கோப்பை முதலில் எழுப்பிப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

ஓசையின்றி நேரும் பிழைகள்

பிழை நேர்வது இயற்கை. பிழை நேர்ந்ததும் கூவி உணர்த்தும் கருவி நல்ல கருவி. ஓசையின்றிப் பிழையை விழுங்கிவிடும் கருவியோ வீட்டில் வளர்க்கும் ஊமை நாய். அமைவுக் கோப்பைப் பொறுத்தவரை ஓசையின்றி நேரும் பிழைகள் நான்கினை இங்குச் சொல்லலாம்.

முதலாவது, கோப்பு இல்லாமை. நூலகம் தானாகக் கோப்பைத் தேடும்போது, குறித்த இடத்தில் கோப்பு இல்லையெனின் அதனைப் பிழையாகக் கொள்வதில்லை. இயல்பு நிலையை மேற்கொண்டு மேலே சென்றுவிடும். ஓர் எழுத்துப் பிறழக் கோப்பின் பெயரை எழுதியவர், தம் பிழையை அறிய வழியே இராது.

இரண்டாவது, வழிகாட்டும் வரியை இடம்மாற்றி எழுதுதல். பெயரில்லா முன்பகுதியில் வர வேண்டிய அவ்வரியைக் கோப்பின் இறுதியிற் கொண்டுபோய்ச் சேர்ப்போர் பலர். இறுதியில் சேர்த்த வரி அங்குள்ள கடைசிப் பகுதிக்கு உரியதாகி விடுகிறது. எழுத்துப் பிழை இல்லை, சொற்பிழை இல்லை, இடப்பிழை ஒன்றே. அதன் பயன், எழுதிய அமைவுகள் அத்தனையும் எழுதாதவை ஆதல்.

மூன்றாவது, ஒன்றைச் சேர்க்கப் போய் மற்றொன்றை இழத்தல். 3.0 பதிப்பு முதல் மறைமுறைகள் ‘வழங்குநர்’ எனப்படும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இன்று ஏற்புடையவை இயல்பு வழங்குநரிடம் உள்ளன. காலங்கழிந்தவை பழைய வழங்குநர் என்னும் தனித்தொகுதியில் ஒதுக்கப்பட்டுள்ளன. எந்த வழங்குநரையும் பெயர்சொல்லி அழைக்காவிடின், இயல்பு வழங்குநர் தானே வந்து நிற்கும். ஆயின், பழைய வழங்குநரை மட்டும் பெயர்சொல்லி அழைத்துவிட்டு, இயல்பு வழங்குநரை அழைக்க மறந்தால், அது வாராது. விருந்துக்கு ஒருவரைப் பெயர்சொல்லி அழைத்தபின், மற்றவரும் தாமே வருவர் என்று இருந்துவிட்டாற் போன்றது இது. பழைய முறை ஒன்று வேண்டுமென்று எழுதிய ஒரு வரியால், அன்றாடம் வேண்டிய முறைகள் எல்லாம் காணாமற் போய்ச் செயலி நின்றுவிடும். இப்பிழை ஒருவகையில் நல்ல பிழை, பின்னராவது கூவுகிறது.

நான்காவது, சூழலை நம்பி ஏமாறுதல். ஒருவர் தம் முனையத்தில் அமர்ந்து இயங்கு சூழலில் கோப்பின் இடத்தைக் குறிக்கிறார். செயலியை இயக்கிப் பார்க்கிறார். யாவும் திருத்தமாக உள்ளன. மறுநாள் கணிப்பொறி தானே அச்செயலியைத் தொடங்கும்போது, அவர் தம் முனையத்தில் குறித்த சூழல் அதற்குக் கிடைப்பதில்லை. மேலும், தம்மை இயக்குவோரினும் உயர்ந்த உரிமையோடு இயங்குமாறு அமைந்த நிரல்களில், நூலகம் இச்சூழற் குறிப்பை வேண்டுமென்றே புறக்கணிக்கிறது. எவரோ ஒருவர் தம் விருப்பப்படி எழுதிய கோப்பை உயர் உரிமையுடைய நிரல் படித்துவிடக் கூடாதன்றோ? அந்தப் புறக்கணிப்பு காவலின்பாற்பட்டது. அதனை அறியாதிருத்தல் பேணுவோரின் குறை.

கோப்பு எவர் கையில்?

அமைவுக் கோப்பு காவலின் அளவை மட்டும் குறிப்பதன்று. இன்ன இடத்திலுள்ள நிரற்பகுதியைக் கொணர்ந்து இணைத்துக்கொள் என்று நூலகத்திற்கு ஆணையிடவும் அதனால் முடியும். அங்ஙனமாயின், அக்கோப்பை எழுத முடிந்தவர் எவரோ, அவர் அச்செயலியின் உள்ளே தம் நிரலையும் நுழைக்க முடிந்தவர் ஆவார். ஊர்க்காவலர்க்கு ஆணை எழுதும் ஏட்டைத் தெருத்திண்ணையில் வைத்துவிட்டால், கள்வனும் அதில் ஒரு வரி எழுதிச் செல்வான் அல்லனோ?

இஃது அச்சுறுத்தலுக்காகச் சொல்லப்படுவதன்று. 2019 சூலையில் ஓப்பன் எசு.எசு.எல். குழுவினரே இத்தகைய ஒரு குறையை வெளிப்படையாக அறிவித்தனர். விண்டோசுக் கணிப்பொறிகளுக்கெனக் கட்டப்பட்ட சில வடிவங்களில், அமைவுக் கோப்பின் இடமாக யூனிக்சு மரபுக்குரிய ஒரு கோப்புறையின் பெயரே உள்ளே பொறிக்கப்பட்டிருந்தது. யூனிக்சுக் கணிப்பொறியில் அவ்விடத்தில் எழுதும் உரிமை தலைமைப் பேணுநர்க்கே உண்டு. விண்டோசுக் கணிப்பொறியிலோ அப்பெயர் சி என்னும் முதன்மைத் தட்டின் அடியில் ஒரு கோப்புறையாகப் பொருள் கொள்ளப்படும். அவ்விடத்தில் பொதுப் பயனர் எவரும் எழுதிவிட இயலும் நிலை இருக்கக் கூடும். எழுதினால் அமைவை மாற்றலாம். நம்பத்தக்கவை என்று கொள்ளப்படும் சான்றிதழ்களோடு பொய்ச் சான்றிதழைச் சேர்க்கலாம். இணைக்கப்படும் நிரற்பகுதியையே மாற்றி வைக்கலாம். இக்குறைக்கு ஆட்பட்ட வடிவங்கள் சிலவே ஆகலின், இதன் கடுமை குறைவு என்றே அக்குழுவினர் மதிப்பிட்டனர்; 2019 செபுதம்பரில் வந்த பதிப்புகளில் இதனைத் திருத்தியும் விட்டனர்.

கடுமை குறைவாயினும் இதன் படிப்பினை பெரிது. மறைமுறையில் ஓர் எண்ணும் பிறழவில்லை. திறவுகள் யாவும் வலியனவாகவே இருந்தன. கோப்பு இருந்த இடம் ஒன்றே பிழை. கோட்டைக்குள் புக விரும்புவோன் மதிலை இடிக்க வேண்டியதில்லை. வாயிற்காவலனுக்கு ஆணை எழுதும் ஏடு கிடைத்தால் அதுவே போதும்.

தளர்த்தும் வரி

இனி, தெரிந்தே செய்யப்படும் தளர்வுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 சூலையில் தெபியன் இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்பு வந்தது. அதன் அமைவுக் கோப்பில் இரண்டு வரிகள் புதிதாக இடம்பெற்றன. போக்குவரவு நெறிமுறை 1.2-க்குக் கீழ்ப்பட்டதை ஏலாதே என்பது ஒன்று. காவல் நிலை 2-ஐ மேற்கொள் என்பது மற்றொன்று. காவல் நிலை 2 என்பதன் பொருள், ஆர்.எசு.ஏ. திறவுகளில் 2048 இருமிக்குக் குறைந்தவற்றைத் தள்ளுதல் முதலியன. இருமி என்பது 0 அல்லது 1 என்னும் ஓரிலக்கம். திறவின் நீளத்தை அவ்விலக்கங்களால் அளப்பர்.

இக்கடுமை ஏன்? 2009 திசம்பரில் 768 இருமி நீளமுள்ள ஆர்.எசு.ஏ. எண் ஒன்றை அறிஞர் கூட்டமொன்று காரணிகளாகப் பிரித்துவிட்டது. 2020 பிப்பிரவரியில் 829 இருமி எண்ணும் பிரிக்கப்பட்டது. 1024 இருமித் திறவின் வாயிற்படி வரை வெள்ளம் வந்துவிட்டது என்பதே இதன் பொருள். நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பதிப்புகளையோ, இணையப் பொறியியற் பணிக்குழு 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கிவிட்டது. ஓப்பன் எசு.எசு.எல். நூலகமும் 2023 நவம்பரில் வந்த 3.2 பதிப்பில், காவல் நிலை 2-ஐயே தன் இயல்பு நிலையாக ஆக்கிக்கொண்டது. ஓர் அமைவுக் கோப்பில் சிலர் முன்னரே எழுதிய வரி, பின்னர் அனைவர்க்கும் உரிய இயல்பாயிற்று.

ஆனால் நடந்தது என்ன? தெபியன் 10-க்கு மாறிய பலர்க்குப் பழைய தொலைக்கணிப்பொறிகளோடு தொடர்பு அறுந்தது. “திறவு மிகச் சிறியது” என்று நூலகம் மறுத்துரைத்தது. மறுத்தது நன்று, அந்நேரத்தில் செய்யத்தக்கது அத்தொலைக்கணிப்பொறியின் திறவைப் புதுப்பிக்கச் சொல்லுதல். செய்தது வேறு. இணையத்தில் எவரோ எழுதி வைத்த மாற்றுவழியைப் படியெடுத்து, காவல் நிலை 2 என்றிருந்ததை 1 என்றும், சிலர் 0 என்றும் திருத்தினர். ஒரு பழைய பொறியோடு பேசுவதற்காக, அக்கணிப்பொறியில் அந்தக் கோப்பைப் படிக்கும் அத்தனைச் செயலிகளின் காவலும் ஒருங்கே தாழ்ந்தது. ஒரு வீட்டுத் திறவுகோல் தொலைந்ததற்காகத் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளின் தாழ்ப்பாளையும் கழற்றி வைத்தாற் போன்ற செயல் அது!

இதனை ஒத்த மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 2021 அத்தோபரில் நோடு.சேஎசு என்னும் நிரல்தளத்தின் 17-ஆம் பதிப்பு ஓப்பன் எசு.எசு.எல். 3.0-ஐ மேற்கொண்டது. அதனால் எம்.டி.4 என்னும் பழைய சுருக்கமுறை இயல்பாகக் கிடைக்காமற் போயிற்று. இணையச் செயலிகளைத் தொகுத்துத் தரும் வெப்பேக்கு என்னும் கருவி, கோப்புகளை அடையாளங் காண்பதற்கு அம்முறையையே எடுத்தாண்டு வந்தது. ஒரே நாளில் எண்ணற்றோரின் தொகுப்புப் பணி நின்றது. கருவியைப் புதுப்பித்தோர் சிலர். பழைய வழங்குநரை முழுமையாகத் திறந்துவிடும் ஒரு சொல்லைக் கட்டளையோடு சேர்த்தெழுதி, அதனை அப்படியே மறந்துவிட்டோர் பலர். பழைய வழங்குநரிடம் இருப்பவை யாவை? எம்.டி.4 மட்டுமன்று. 56 இருமித் திறவையுடைய டெசு என்னும் மறைமுறையும் அங்கேதான் உள்ளது. அமெரிக்க அரசு 1977-இல் தரமாக ஏற்ற அம்முறையை, 1998-இல் அந்நாட்டின் எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேசன் என்னும் அமைப்பு தனியே ஒரு பொறி செய்து 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது. 2005-இல் அரசே அத்தரத்தைத் திரும்பப் பெற்றது. ஒதுக்கி வைத்ததற்குக் கரணியம் இருந்தது. அதனை எண்ணாமல் திறந்துவிடுதல் அறிவுடைமை ஆகாது.

இடருக்கு ஒருநாள் திறக்க வேண்டியிருக்கலாம். அதனை எவரும் மறுக்கார். திறப்பவர், எந்தச் செயலிக்காக, எத்தனை நாளைக்கு, எவர் பொறுப்பில் என்று எழுதி வைத்துத் திறக்க வேண்டும். பொதுக் கோப்பைத் தொடாமல், அந்த ஒரு செயலிக்குரிய தனிக்கோப்பில் திறக்க வேண்டும்.

மூடுவதா? திறந்துவிடுவதா?

அவையோரே! இவ்வுரையின் நடுநரம்பு இனிச் சொல்லப்படுவது. அமைவுக் கோப்பில் பிழை நேர்ந்தால் செயலி என்ன செய்ய வேண்டும்? நின்றுவிட வேண்டுமா? கோப்பைப் புறக்கணித்து இயல்பு நிலையில் இயங்க வேண்டுமா?

ஓப்பன் எசு.எசு.எல். 3.0 இவ்வினாவைப் பேணுவோரின் முன்னிலையிலேயே வைக்கிறது. அமைவுக் கோப்பிலேயே பிழைகளை வெளிப்படுத்துக என்று பொருள்படும் ஓர் அமைவு உண்டு. அதற்கு நேரே 1 என்று எழுதினால், பிழைகளை மறைத்துவிடும்படி செயலி கேட்டிருப்பினும் நூலகம் அதற்கு இசையாது. பிழையை வெளியே சொல்லும். அதன் விளைவையும் நூலகத்தின் கையேடு ஒளிக்காமல் சொல்கிறது. இவ்வமைவை இட்டால், கோப்பில் ஒரு பிழை நேர்ந்தாலும் அப்பணி முழுவதும் நின்றுவிடக் கூடும். இடாவிட்டால், பணி நடக்கும். ஆயின் விரும்பிய அமைவு செயற்பட்டிராது.

எண்ணிப் பாருங்கள்! முதல் வழியில் ஒரு மணி நேரம் வைப்பகத்தின் பணி தடைப்படலாம். மக்கள் வரிசையில் நிற்பர், சினங்கொள்வர், பேணுவோர் ஓடிவந்து பிழையைத் திருத்துவர். இரண்டாம் வழியில் பணி ஒரு நொடியும் தடைப்படாது, எவரும் சினங்கொள்ளார், எவரும் ஓடிவாரார். கதவு மட்டும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில், எவர் நினைத்தாரோ அவர் நினைத்தபடி இல்லாமல் நிற்கும். முதல் வழியின் இழப்பு கண்ணுக்குத் தெரியும் இழப்பு. இரண்டாம் வழியின் இழப்பு, நேர்ந்து முடிந்தபின் தெரியும் இழப்பு. காவலர் உறங்கும் கோட்டையில் அன்றாட வாணிகம் நன்றாகவே நடக்கும். பகைவன் வரும் நாள் வரையில்!

எல்லா இடத்திற்கும் ஒரே விடை பொருந்தாது. உயிர்காக்கும் மருத்துவக் கருவியை ஓர் எழுத்துப் பிழைக்காக நிறுத்திவிட முடியாது. ஆயின் எந்த விடையைத் தேர்ந்தாலும் அது தெரிந்து தேர்ந்த விடையாக இருத்தல் வேண்டும். தேராமல் விட்டவர்க்கும் ஒரு விடை உண்டு. அதனை முன்பே வேறெவரோ அவர்க்காகத் தேர்ந்து வைத்திருப்பர். இயல்பு நிலை என்பது இயற்கையில் விளைந்ததன்று. அதுவும் ஒருவர் எடுத்த முடிவே.

செய்யத்தக்கன

செயலி எழுதுவோர்க்கு: அமைவைப் படிப்பதை நூலகத்தின் கருணைக்கு விட்டுவிடாமல், இன்ன கோப்பு, இன்ன பகுதி என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கோப்பைப் படிக்கும் கட்டளை வெற்றிக்கு 1 என்றும், தோல்விக்கு 0 அல்லது அதற்குக் குறைந்த எண் என்றும் விடை தரும். அவ்விடையைப் பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு விடையைக் கேளாமல் எழுந்து செல்வோரைப் போல நடவாதீர்கள். 3.0 முதல், செயலியொன்று தனக்கெனத் தனியொரு நூலகச் சூழலை உருவாக்கி, அதற்கு மட்டும் உரிய கோப்பைப் படித்துக்கொள்ள வழியுண்டு. தனித்தேவை உடையோர் பொதுக் கோப்பைக் கெடுக்காமல் அவ்வழியை மேற்கொள்க. மேலும், நெறிமுறையின் கீழெல்லையைச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்தால், அது பொதுக் கோப்பிலுள்ள எல்லையை மீறிச் செல்லும் என்பதை மறவாதீர்கள். இன்று உயர்ந்ததாகத் தோன்றும் எல்லை, பத்தாண்டு கழித்துத் தாழ்ந்ததாகி, பொதுக் கோப்பை எவ்வளவு திருத்தினும் அசையாமல் நிற்கும்.

கணிப்பொறியைப் பேணுவோர்க்கு: எந்தச் செயலி எந்தக் கோப்பைப் படிக்கிறது என்பதை ஊகித்துக் கொள்ளாமல், செயலி இயங்கும்போது திறக்கும் கோப்புகளைப் பின்தொடர்ந்து பார்த்து உறுதி செய்யுங்கள். நூலகத்தோடு வரும் கட்டளைக்கருவி தன் கோப்பு இருக்குமிடத்தைச் சொல்லும். செயலியின் மடியிலுள்ள தனிப்படிக்கு அவ்விடை பொருந்தாது. அக்கோப்பிலும், அது வைக்கப்பட்டுள்ள கோப்புறையிலும், அதற்கு மேலுள்ள கோப்புறைகளிலும் எழுதும் உரிமை எவர்க்கு உண்டு என்று பாருங்கள். திருத்தியபின், தாழ்ந்த நெறிமுறையோடு தட்டிப் பாருங்கள். கதவு திறவாவிடில்தான் திருத்தம் செயற்பட்டது என்று பொருள்.

பல செயலிகளை ஒருங்கே பேணும் நிறுவனத்தார்க்கு: கொள்கையை ஓரிடத்தில் வையுங்கள். 2019 மே திங்களில் வந்த இரெட் ஆட்டு எண்டர்பிரைசு இலினக்சு 8 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைமை, இயல்பு, எதிர்காலம், அமெரிக்க அரசுத் தரம் என நான்கு கொள்கைகளை அது வகுத்து வைத்துள்ளது. பேணுநர் ஒரு கட்டளையால் ஒன்றைத் தேர்ந்தால், ஓப்பன் எசு.எசு.எல். மட்டுமன்றி, குனூ டி.எல்.எசு., என்.எசு.எசு. முதலிய பிற நூலகங்களும் அதன்படி அமைகின்றன. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒவ்வோர் ஆணை என்றிருந்த நிலை மாறி, கோட்டை முழுவதற்கும் ஓர் ஆணை என்றாகிறது. ஓர் ஆணை எனின், அதனைப் படித்துப் பார்க்கவும் பிழை காணவும் எளிது.

கணிப்பொறி எழுதாத பொதுமக்களுக்கு: “எங்கள் செயலியில் உலகின் வலிய மறையாக்கம் உள்ளது” என்று எவரேனும் பெருமை பேசினால், மயங்கிவிடாமல் மூன்று வினாக்களைக் கேளுங்கள். அதன் அமைவை எழுதியவர் எவர்? அதனை மாற்றவல்லார் எவர்? அது படிக்கப்படாவிடில் உமக்கு எவ்வாறு தெரியும்? இம்மூன்றிற்கும் நேரான விடை கூறுவோரிடமே நும் மறைபொருளை ஒப்படையுங்கள்.

அன்பர்களே! பெரிய மறைமுறைகளை உருவாக்குவோர் ஞாலத்தில் ஒரு சிலர். அவற்றை உடைக்கவல்லோர் அவரினும் சிலர். அமைவுக் கோப்பை எழுதுவோரோ பல்லாயிரவர். காவல் நிற்பதும் வீழ்வதும் பெரும்பாலும் இப்பல்லாயிரவர் கையில். அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் எவருடைய மடலையோ, எவருடைய நோய்க்குறிப்பையோ, எவருடைய வாழ்நாட் சேமிப்பையோ காக்கின்றது. அல்லது காவாது கைவிடுகின்றது. பூட்டைச் செய்தவன் தன் கடமையைச் செய்துவிட்டான். பூட்டியவர்கள் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்!